முதலில் உங்கள் காசு, அப்புறம்தான் இழப்பீட்டுக் காசு

மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்த் துளை மேடை 2010 ஏப்ரல் 20ஆம் தேதி வெடித்தது, 11 பேர் இறந்தது, 87 நாள் கடலுக்குள் எண்ணெய் கொட்டியது எல்லாம் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அதற்காக அந்த எண்ணெய்க் கிணற்றை நடத்திய பிபி நிறுவனம் கட்டிய பணம் எந்த வழியாகக் கரைக்கு வந்து சேர்கிறது என்பதை யாரும் அவ்வளவாக எழுதுவதில்லை. நான் அலபாமாவில், மொபீல் வளைகுடாவை ஒட்டிய ஒரு குடியிருப்பில் இருக்கிறேன். கணக்கு வேலை பார்ப்பவள் என்பதால் எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்குப் பொருளாளர் ஆக்கிவிட்டார்கள். அந்தப் பதவியில் இருந்தபோது இந்த இழப்பீட்டுப் பணத்தில் ஏறத்தாழ 1,80,000 டாலர் வாங்கி, 400 அடிக் கரையில் சிப்பித் திட்டு போட்டுப் புல் நட்டோம். கோடிக் கணக்கில் பேசுகிற இடத்தில் இது சில்லறைதான். அந்தச் சில்லறைக்கே என் தூக்கம் போனது, வார இறுதிகள் போயின, சேமிப்பில் ஒரு பகுதி போனது. ஒரு கட்டத்தில் சாப்பாட்டு மேசையில் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்று என் கணவர் சொல்லிவிட்டார். அமெரிக்கக் கரையோரத்தில் இருக்கும் நம்மவர்கள் யாராவது இந்த மாதிரி வேலையில் கை வைத்தால் உதவட்டும் என்று, எனக்கு யாரும் சொல்லாததை எழுதி வைக்கிறேன்.

2016 ஏப்ரலில் நியூ ஆர்லியன்ஸ் ஃபெடரல் நீதிமன்றத்தில் நீதிபதி கார்ல் பார்பியர் ஒப்புதல் அளித்த உடன்பாட்டின் மொத்தத் தொகை 2,080 கோடி டாலர். எங்கள் சங்கக் கூட்டத்தில் இந்த எண்ணைச் சொன்னதும் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: இவ்வளவு இருக்கும்போது நம் கரைக்கு ஒரு லட்சம் தர மாட்டார்களா? கோயிலில் அன்னதான உண்டியல், திருப்பணி உண்டியல், கோசாலை உண்டியல் என்று தனித்தனியாக வைத்திருப்பார்கள். அன்னதானக் காசை எடுத்துக் கோபுரத்துக்கு வண்ணம் பூச முடியாது. இங்கும் அதே ஏற்பாடு. ஒவ்வொரு உண்டியலுக்கும் தனிச் சட்டம், தனி நிர்வாகம், தனி விண்ணப்பம். எந்த உண்டியல் என்று தெரியாமல் எழுதும் கடிதத்துக்கு எல்லா இடத்திலிருந்தும் மரியாதையான பதில் வரும், பணம் வராது. எங்களுக்கு முதல் வருடம் முழுக்க அப்படியே ஓடியது.

முதல் உண்டியல் இயற்கை வள இழப்பீடு. பறவை, ஆமை, மீன், சதுப்பு நிலம், ஜனங்கள் கடற்கரைக்குப் போக முடியாமல் இழந்த நாட்கள் என்று எல்லாவற்றையும் மதிப்பிட்டு வாங்கிய தொகை. இதில் 880 கோடி டாலர் வரை உண்டு. அதில் 70 கோடி வரை, பின்னால் தெரியவரும் பாதிப்புகளுக்காக ஒதுக்கியது. இதை நிர்வகிப்பவர்களுக்குச் சட்டத்தில் பெயரே அறங்காவலர்கள்தான்: நான்கு ஃபெடரல் அமைப்புகளும் ஐந்து மாநிலங்களும். லூசியானாவுக்கு மட்டும் இதில் 500 கோடி டாலர், எங்கள் அலபாமாவுக்கு 29.6 கோடி. சதுப்புக் கரையில் பெரும் அடி வாங்கியது லூசியானா என்பதால் அதைக் குறை சொல்ல முடியாது. இரண்டாவது உண்டியல் தூய்மை நீர்ச் சட்டத்தின் கீழ் விதித்த அபராதம். பிபி கட்டுவது 550 கோடி. இப்படிப்பட்ட அபராதம் வழக்கமாக ஃபெடரல் கஜானாவுக்குப் போய்விடும். 2012ல் ரெஸ்டோர் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்து, இதில் 80 சதவீதம் வளைகுடா மாநிலங்களுக்கே என்று ஆக்கினார்கள். மேடையின் சொந்தக்காரரான டிரான்ஸ்ஓஷனும் கிணற்றில் பங்கு வைத்திருந்த அனடார்க்கோவும் கட்டிய அபராதமும் சேர்ந்து இந்த உண்டியலில் சுமார் 533 கோடி டாலர். மூன்றாவது, அந்த 2,080 கோடிக்கு வெளியே, குற்ற வழக்கில் ஒப்புக்கொண்டு கட்டிய பணத்திலிருந்து 254.4 கோடி. இது தேசிய மீன், வனவிலங்கு அறக்கட்டளை வழியாகச் செலவாகிறது. லூசியானாவின் தடுப்புத் தீவுகளுக்கும் ஆற்று வண்டல் திட்டங்களுக்கும் பாதி, மற்ற நான்கு மாநிலங்களுக்கு மீதி. இவை போக ஆராய்ச்சிக்கென்று தேசிய அறிவியல் கழகத்துக்கு 50 கோடி.

இன்னொன்றும் இருக்கிறது, அதைத்தான் ஜனங்கள் சுற்றுச்சூழல் பணம் என்று நினைத்து ஏமாறுகிறார்கள். மாநில அரசுகளின் பொருளாதார நஷ்டத்துக்காக 490 கோடி டாலர். இது அரசின் பொதுப் பணம், கடலுக்குச் செலவழிக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் கிடையாது. அலபாமா சட்டமன்றம் 2016ல் இதைக் கடன் அடைக்கவும், மெடிக்கெய்ட் மருத்துவத் திட்டத்துக்கும், சாலைகளுக்கும் பிரித்தது. எங்கள் சங்கத்தில் ஒருவர் அந்தச் செய்தியை அச்செடுத்து வந்து, "பாருங்கள், நம் சிப்பிக் காசில் ரோடு போடுகிறார்கள்" என்று குதித்தார். அது சிப்பிக் காசே இல்லை என்று புரியவைக்க எனக்கு ஒரு மாலை பிடித்தது. கோபப்படும் முன் எந்த உண்டியல் என்று பார்த்துக்கொள்ளுங்கள். கோபத்தைச் சரியான இடத்தில் காட்டுவதற்காகவாவது.

சுற்றுச்சூழல் உண்டியலிலேயே எல்லாமே சுற்றுச்சூழலுக்குப் போவதில்லை என்பதுதான் என்னை உலுக்கியது. ரெஸ்டோர் பணத்தில் 35 சதவீதம் ஐந்து மாநிலங்களுக்கும் சமமாகப் பிரிகிறது. அந்தப் பங்கைச் சுற்றுலா விளம்பரம், துறைமுக வசதி, வேலைப் பயிற்சி, கடல் உணவுக்கு விளம்பரம் இதற்கெல்லாம் செலவழிக்கச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. இன்னொரு 30 சதவீதம் ஃபெடரல் அமைப்புகளும் மாநிலங்களும் சேர்ந்த ஒரு குழு தேர்ந்தெடுக்கும் சூழல் மீட்புத் திட்டங்களுக்கு. அடுத்த 30 சதவீதம், எந்த மாநிலம் எவ்வளவு பாதிக்கப்பட்டது என்ற கணக்குப்படி. மிச்சமுள்ள 5 சதவீதம் அறிவியலுக்கு. ஆகவே "ரெஸ்டோர் பணத்தில் படகுத்துறை கட்டுகிறார்கள், ஊழல்" என்று யாராவது சொன்னால், அதில் சட்ட மீறல் இல்லாமலும் இருக்கலாம். சட்டத்தை எழுதும்போதே அப்படி எழுதிவிட்டார்கள்.

இயற்கை வள உண்டியலிலும் ஒரு கதை உண்டு. அலபாமாவின் கல்ஃப் ஷோர்ஸ் ஊரை ஒட்டிய மாநில அரசுப் பூங்காவில் ஒரு சொகுசு விடுதியும் மாநாட்டுக் கூடமும் கட்ட 5.85 கோடி டாலர் ஒதுக்கினார்கள். கசிவு நடந்த கோடையில் ஜனங்கள் கடற்கரையை அனுபவிக்க முடியவில்லை, அந்த இழப்பை ஈடுகட்ட இது என்பது வாதம். சூழல் அமைப்பு ஒன்று வழக்குப் போட்டது. வேறு வழிகளை ஒழுங்காகப் பரிசீலிக்கவில்லை என்று 2016ல் ஃபெடரல் நீதிபதி தீர்ப்பளித்தார். அப்புறம் மறுபடி ஆய்வு செய்து, மறுபடி ஒப்புதல் வாங்கி, 2018ல் விடுதியைத் திறந்தும் விட்டார்கள். நான் உள்ளே போய்ப் பார்த்தேன். நன்றாகத்தான் கட்டியிருக்கிறார்கள். ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டே காபி குடித்தேன், வயிறு எரிந்தது. ஒரே ஆறுதல், அந்த வழக்கு விவரங்களைப் படித்ததில் எனக்கு ஒரு பாடம் கிடைத்தது: திட்ட வரைவில் மாற்று வழிகள் என்று ஒரு பகுதி கட்டாயம் இருக்கும், மறுப்புச் சொல்ல நினைப்பவர்கள் முதலில் படிக்க வேண்டியது அதைத்தான். "எங்களுக்குப் பிடிக்கவில்லை" என்ற கடிதம் கோப்பில் போய்ப் படுத்துக்கொள்ளும். "இந்த மாற்றை ஏன் பார்க்கவில்லை" என்ற கடிதத்துக்கு அவர்கள் எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும்.

இப்போது எங்கள் கதை. அலபாமாவுக்கு வரும் ரெஸ்டோர் பணத்தை முடிவு செய்யும் குழுவில் கவர்னர் தலைவர், மாநிலத் துறைமுகத்தின் இயக்குநர் துணைத் தலைவர், மற்றபடி இரண்டு கவுண்டிகளின் (நம்மூர் மாவட்டம் மாதிரி) தலைவர்களும் கரையோர ஊர்களின் மேயர்களும். எங்களைப் போன்ற சங்கம் நேராகப் போய் நிற்க முடியாது. ஊராட்சி, பல்கலைக்கழகம், பெரிய தொண்டு நிறுவனம் என்று யாராவது நம் திட்டத்தைத் தங்கள் பெயரில் கொண்டுபோக வேண்டும், பணம் அவர்களுக்கு வந்து அவர்களிடமிருந்து துணை மானியமாக நமக்கு வரும். ஆகவே பணத்தைத் தேடுவதற்கு முன் தோள் கொடுக்க ஆளைத் தேடுங்கள். எங்களுக்கு ஒருவர் கிடைத்தார்கள். எந்த அமைப்பு என்று சொல்லப் போவதில்லை. அங்கே இருந்தவர்கள் பாதிப் பேர் மாறிவிட்டார்கள்.

நேரம் இன்னொரு விஷயம். மாநிலப் பங்குக்கான செலவுத் திட்டத்தைப் பொதுமக்கள் கருத்துக்குக் குறைந்தது 45 நாள் வைக்க வேண்டும் என்பது விதி. நாங்கள் அந்த 45 நாளைத்தான் வாசல் என்று நினைத்துக் காத்திருந்தோம். அது வாசல் இல்லை. வரைவு வெளியே வரும்போது பெயர்ப் பட்டியல் பெரும்பாலும் முடிவாகிவிட்டிருக்கும். அதில் இருக்கும் திட்டத்தை ஆதரிக்கலாம், எதிர்க்கலாம், புதிதாக ஒன்றை உள்ளே நுழைப்பது கடினம். பரிந்துரைகளை வாங்குவதற்கென்று மாநிலங்கள் தனியாக இணையப் படிவம் வைத்திருக்கின்றன. அங்கே முன்கூட்டியே பதிவு செய்துவிட்டு, ஊர் மேயர் அலுவலகத்தில் அடிக்கடி தலை காட்டுவதுதான் வழி. பிபி இந்தத் தொகையை ஒரே தவணையில் கட்டவில்லை, 2030களின் தொடக்கம் வரை ஆண்டுத் தவணையாகக் கட்டுகிறது. இந்த வருடம் பட்டியலில் இல்லை என்றால் இடிந்துபோக வேண்டாம், அடுத்த தவணைக்கு அடுத்த பட்டியல் வரும்.

பட்டியலில் வந்து, தோள் கொடுத்த அமைப்போடு ஒப்பந்தம் போட்ட அன்று சங்கத்தில் கேக் வெட்டினார்கள். நான் ஒப்பந்தத்தின் பணம் தரும் முறை என்ற பக்கத்தை வீட்டில் உட்கார்ந்து படித்தேன். செலவு செய்து, பணம் கட்டி, கட்டியதற்கான சான்றோடு பில் அனுப்பினால், சரிபார்த்துத் திருப்பித் தருவார்கள். அதாவது 1,80,000 டாலர் மானியம் கிடைத்த சங்கத்தின் வங்கிக் கணக்கில் அன்று இருந்தது 9,000 டாலர் சொச்சம். சிப்பி ஓடு விற்பவருக்கும், சுண்ணாம்புக்கல் ஏற்றிவரும் பார்ஜ்காரருக்கும் நாங்கள் முதலில் கொடுத்தாக வேண்டும். வங்கிக்குப் போனேன். மானிய ஒப்பந்தத்தை அடமானமாக ஏற்க முடியாது என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார்கள். சங்கத் தலைவர் ஓய்வுபெற்ற இறால் படகுக்காரர், படகை விற்ற பணத்தில் கொஞ்சம் போட்டார். நான் என் சேமிப்பிலிருந்து 22,000 டாலரை வட்டியில்லாக் கடனாகப் போட்டேன். கடன் பத்திரம் எழுதி, நிர்வாகக் குழுத் தீர்மானம் போட்டு, கையெழுத்து வாங்கித்தான் போட்டேன். நீங்களும் எழுதாமல் ஒரு டாலர் கூடப் போடாதீர்கள், பக்கத்து வீட்டுக்காரர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும்.

வேலை நடந்த நாட்கள் சந்தோஷமானவை, அதை மறைக்க மாட்டேன். சிப்பிக் குஞ்சு தண்ணீரில் மிதந்து திரிந்து, கெட்டியாக ஏதாவது கிடைத்தால் ஒட்டிக்கொண்டு அங்கேயே வளரும். பழைய சிப்பி ஓடு கிடைத்தால் அதற்கு அதைவிட வேறு வேண்டாம். அதனால் ஓடுகளை வலைப் பைகளில் நிரப்பி, கரையிலிருந்து சில அடி தள்ளி, அலைக்குக் குறுக்கே வரிசையாக அடுக்குவோம். அலை அதில் முட்டி வேகம் குறையும், பின்னால் மண் தங்கும், மண்ணில் கோரைப் புல் பிடிக்கும். ஓட்டின் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும், தோல் கையுறை இரண்டே நாளில் கிழிந்துவிடும். இடுப்பளவு தண்ணீரில் ஆட்கள் வரிசையாக நின்று பையைக் கை மாற்றி விடும்போது, கால் சேற்றில் புதைந்து காலணி மட்டும் உள்ளே நின்றுவிடும். வெயிலில் காய்ந்த ஓட்டின் வாடை காரில் மாதக் கணக்கில் போகவில்லை. பள்ளிப் பிள்ளைகள் வந்து புல் நட்டார்கள். மேலே நின்று யார் எத்தனை மணிக்கு வந்தார்கள் என்று எழுதிக்கொண்டிருந்தவள் நான்.

அந்தத் தாள்கள்தான் பிற்பாடு கழுத்தைப் பிடித்தன. முதல் பில் திரும்பி வந்தது. தன்னார்வலர் நேரத் தாளில் மேற்பார்வையாளர் கையெழுத்து இல்லை. காசோலை கொடுத்த நகல் இருக்கிறது, வங்கியில் அது பணமானதற்கான சான்று இல்லை. ஓடு வாங்கியதற்கு ஏன் மூன்று விலைப்புள்ளி வாங்கவில்லை? ஃபெடரல் விதியில் அப்போது 10,000 டாலருக்குள் வாங்கும் பொருளுக்கு விலைப்புள்ளி தேவையில்லை, எங்களுக்குத் துணை மானியம் கொடுத்த அமைப்பின் சொந்த விதி அதைவிடக் கடுமையாக இருந்தது. எது கடுமையோ அதுதான் செல்லும். ஒப்பந்தம் போடும் நாளிலேயே அவர்களின் கொள்முதல் விதியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பில்லுக்கு மாதிரி ஒன்று கொடுங்கள் என்றும் கேளுங்கள், ஏற்கெனவே தேறிய பில் ஒன்றின் நகல் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. தேறாமல் போனது கரை அளவீட்டுக்கும் அலை ஆய்வுக்கும் கொடுத்த 6,500 டாலர். ஒப்பந்தத் தேதிக்கு முன் செய்த செலவு, முன் அனுமதி எழுத்தில் வாங்கியிருந்தால்தான் சேரும். அந்த ஆய்வு இல்லாமல் விண்ணப்பமே போட முடியாது, விண்ணப்பம் போடாமல் ஒப்பந்தம் வராது, ஒப்பந்தத்துக்கு முந்தின செலவு செல்லாது. இந்த வட்டத்தை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கிறேன். உங்கள் விண்ணப்பத்திலேயே "ஒப்பந்தத்துக்கு முந்தைய செலவு" என்று ஒரு வரி போட்டு, அதற்கு ஒப்புதல் கேளுங்கள்.

இரண்டாவது பில் மாதக் கணக்கில் நின்றது. போன் செய்தால் பரிசீலனையில் இருக்கிறது என்பார்கள். அப்போதுதான் ஹூஸ்டனில் தணிக்கை வேலை பார்க்கும் ஒரு தம்பி நினைவுக்கு வந்தான், தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் அறிமுகமானவன். கூப்பிட்டேன். "அக்கா, முன்பணம் கேட்டீங்களா?" என்றான். கேட்கலாமா என்றேன். "ஃபெடரல் மானிய விதியிலயே இருக்குக்கா. கணக்கு ஒழுங்கா வெச்சிருக்கிற சங்கத்துக்கு முன்பணம் தரலாம். பில் போய்ச் சேர்ந்து 30 நாளுக்குள்ள தரணும்னும் இருக்கு. பில்லுல தப்பு இருக்குன்னு அவங்க நெனச்சா அதை எழுத்துல சொல்லச் சொல்லுங்க, சும்மா வெச்சிருக்க வேணாம்னு மரியாதையா ஒரு மெயில் போடுங்க." விதி எண்ணையும் அனுப்பி வைத்தான். அந்த மெயிலில் நான் ஒரு கடுமையான வார்த்தை கூடப் போடவில்லை, விதியின் எண்ணை மட்டும் போட்டேன். இரண்டு வாரத்தில் பணம் வந்தது. அடுத்த கட்ட வேலைக்கு முன்பணமும் தந்தார்கள். அத்தனை நாளாக அவர்கள் வேண்டுமென்று இழுத்தடித்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. அந்த அலுவலகத்தில் இந்த வேலைக்கு ஒரே ஆள், அவர் மேசையில் எங்களைப் போல் பல சங்கங்களின் பில்கள்.

அதே தம்பி இன்னொன்றும் சொன்னான். ரெஸ்டோர் சட்டத்தில் நிர்வாகச் செலவுக்கு 3 சதவீத உச்சவரம்பு இருக்கிறது. அதைச் சொல்லியே எங்கள் கணக்கு மென்பொருள், காப்பீடு, தபால் செலவையெல்லாம் வெட்டியிருந்தார்கள். அந்த வரம்பு மானியத்தை நேரடியாக வாங்குபவருக்குத்தான், துணை மானியம் வாங்கும் எங்களுக்குப் பொருந்தாது. எங்களைப் போன்ற சிறு சங்கம் நேரடிச் செலவில் 10 சதவீதத்தை மறைமுகச் செலவாகக் கேட்கலாம் என்பது அப்போதைய பொது விதி. 2024 அக்டோபரிலிருந்து அது 15 சதவீதம். மிச்சமிருந்த வேலைக்கு அதைக் கேட்டு வாங்கினேன், முடிந்த வேலைக்குத் திரும்பிப் போக முடியவில்லை. வெட்டியவருக்கே அந்த வித்தியாசம் தெரியாது என்று பின்னால் புரிந்தது. எதையாவது வெட்டினால், எந்த விதியின் கீழ் என்று கேளுங்கள். கேட்பது சண்டை போடுவதாகாது.

அனுமதி விஷயத்தில் மட்டும் எங்களுக்குக் காற்று சாதகமாக அடித்தது. ராணுவப் பொறியாளர் படை 2017ல் உயிருள்ள கரைகளுக்கென்றே, அதாவது எங்களுடையதைப் போல் சிப்பியும் புல்லும் வைத்துக் காக்கும் கரைகளுக்கென்றே, 54ஆம் எண் பொது அனுமதியைக் கொண்டுவந்தது. கரை நீளம் 500 அடிக்குள், தாழ்நீர்க் கோட்டிலிருந்து 30 அடிக்குள் என்றால் தனி அனுமதிக்கு அலைய வேண்டியதில்லை. எங்கள் 400 அடி அந்த அளவுக்குள் வந்தது. பேராசைப்பட்டுப் பக்கத்துக் குடியிருப்பின் கரையையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது, நல்லவேளை விட்டுவிட்டோம்.

2020 செப்டம்பர் 16ஆம் தேதி சாலி புயல் கல்ஃப் ஷோர்ஸில் கரையேறியது. மெதுவாக நகர்ந்த புயல், தண்ணீரைக் கொட்டித் தீர்த்துவிட்டுப் போனது. மறுநாள் போய்ப் பார்த்தால் ஓட்டுப் பைகள் பெரும்பாலும் அசையாமல் இருந்தன, அந்த வசந்தத்தில் நட்ட புல்லில் பாதிக்கு மேல் இல்லை. யாருடைய படகுத்துறைப் பலகையோ எங்கள் நாற்றுகளின் மேல் கிடந்தது. மறுபடி நட யார் காசு? ஒப்பந்தத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அமைப்பு எங்கள் பொறுப்பு என்றது, ஒப்பந்தக்காரர் இயற்கைச் சீற்றத்துக்குத் தான் பொறுப்பில்லை என்றார். கடைசியில் வேறு தலைப்பில் மிச்சமிருந்த தொகையை மாற்றிக்கொள்ள எழுத்தில் அனுமதி கேட்டு, கிடைத்த பணத்தில் ஒரு பகுதியை மட்டும் நட்டோம். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம் என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். அப்படியிருந்தும் எந்த மானிய ஒப்பந்தத்தின் மாதிரியிலும் நட்ட புல் போனால் யார் நடுவது என்ற வரி இருப்பதில்லை. அந்த வரியை நீங்கள் எழுதிக் கொடுங்கள். வசந்தத்தின் தொடக்கத்திலேயே நட்டுவிடும்படி கால அட்டவணை போடுங்கள், வேர் பிடிக்கச் சில மாதமாவது கிடைக்கும்.

இழப்பீட்டுப் பணம் கட்டுவதற்குத் தாராளமாகவும், கட்டியதைப் பார்த்துக்கொள்வதற்குக் கஞ்சத்தனமாகவும் வருகிறது என்பது என் கருத்து. ரிப்பன் வெட்டிப் படம் எடுக்க முடிகிற வேலைக்குக் காசு வரும். அடுத்த சில வருடம் சிப்பி எத்தனை ஒட்டியது, புல் எவ்வளவு பரவியது என்று எண்ணுவதற்குக் கேட்டால் தயங்குவார்கள். எங்கள் வரவுசெலவில் கண்காணிப்புக்கு ஒதுக்கியது ஒரு வருடத்தில் தீர்ந்தது, இப்போது தலைவரும் நானும் பல்கலைக்கழக மாணவர் இருவரும் எண்ணுகிறோம். பெரிய திட்டங்களில் எல்லாமே வீண் என்றும் சொல்ல மாட்டேன். லூசியானாவில் குவீன் பெஸ் தீவு 5 ஏக்கராகத் தேய்ந்திருந்தது, 37 ஏக்கராக வளர்த்து 2020 தொடக்கத்தில் முடித்தார்கள். பழுப்புக் கூழைக்கடாக்கள் கூடு கட்டும் இடம் அது. செலவு 1.87 கோடி டாலர்தான். அதே லூசியானாவில் மிசிசிப்பி ஆற்று வண்டலைச் சதுப்புக்குத் திருப்பும் மிட் பரட்டாரியா திட்டம் 2023ல் பூமி பூஜை போட்டு, செலவு 300 கோடி டாலரை நெருங்கி, சிப்பி விவசாயிகளும் இறால்காரர்களும் நன்னீர் வந்தால் பிழைப்புப் போகும் என்று எதிர்த்து, கடைசியில் 2025 ஜூலையில் மாநில அரசே கைவிட்டது. அதற்குள் செலவானது பல கோடி. சூழலியலாளர்கள் புலம்பினார்கள். எங்கள் தலைவர் மட்டும் இறால்காரர்கள் பக்கம். அவரோடு நான் இன்னும் இதில் உடன்படவில்லை.

சென்னையில் ஒரு தோழி, 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது, "உங்க ஊர்ல மாதிரி இங்கேயும் வாங்க முடியாதா?" என்று கேட்டாள். இங்கே இது ஒரே நாளில் வந்ததில்லை என்றேன். 1989ல் அலாஸ்காவில் எக்சான் வால்டெஸ் கப்பல் தட்டிய பிறகுதான் 1990ல் எண்ணெய் மாசுச் சட்டம் வந்தது. பறவைக்கும் சேற்றுக்கும் அறங்காவலர் வாதாடி இழப்பீடு வாங்கலாம், வாங்கியதை அந்த வளத்தை மீட்கவே செலவழிக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் எழுதி வைத்தது. மீனவருக்கான நஷ்டஈடு அதிலிருந்து தனிக் கணக்கு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால், மீனவருக்குக் கொஞ்சம் கொடுத்துவிட்டுக் கழிமுகத்தை அப்படியே விட்டுவிடுவார்கள் என்பதுதான் என் பயம்.

கணக்கை முடிக்கிறேன். நான் போட்ட 22,000 டாலரில் 15,000 சொச்சம் திரும்பி வந்தது. மீதி, தேறாத 6,500 டாலரும் புயலுக்குப் பின் புல்லுக்குப் போட்ட கொஞ்சமும். சங்கத்திடம் அது இல்லை, வரவும் போவதில்லை என்று தெரிந்ததும், அந்தக் கடனை நன்கொடையாக மாற்றிக்கொள்ளச் சொன்னேன். எங்கள் சங்கம் தொண்டு அமைப்பாக வரிவிலக்குப் பதிவு பெற்றது, ஆகவே வருமான வரியில் அதைக் கழிக்கலாம். 250 டாலரும் அதற்கு மேலும் உள்ள நன்கொடைக்குச் சங்கத்திடமிருந்து எழுத்துச் சான்று வேண்டும், அது வரிப் படிவம் தாக்கல் செய்யும் முன் கையில் இருக்க வேண்டும். பதிலுக்கு நமக்கு எதுவும் தரவில்லை என்ற வாசகம் அந்தக் கடிதத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். செலவழித்த நேரத்துக்குக் கழிவு கிடையாது. தன் கைக்காசில் வாங்கிய கையுறை, சங்க வேலைக்கு ஓட்டிய கார் மைல் இவற்றுக்கு உண்டு, ரசீதும் மைல் குறிப்பும் இருந்தால். பொருளாளர் நானே என்பதால் எனக்கான சான்றில் நான் கையெழுத்துப் போடவில்லை, தலைவரைப் போடச் சொன்னேன். அவர் கண்ணாடி இல்லாமல் தேதியைத் தப்பாக எழுதிக் கொடுத்து, மறுபடி ஒன்று வாங்கி வர வேண்டியதாயிற்று.